போலிப் பழங்காசு விற்றவர் மீது வழக்குப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பழைய காசு சேர்ப்பவன். ஒரு முறை நன்றாக ஏமாந்து, ஒன்றரை ஆண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு நடையாய் நடந்தவன். அதற்கப்புறம் ஏமாந்தவர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய தொகை என்றால் வக்கீலைப் பாருங்கள்.

வாங்கிய காசு போலி என்று தெரிந்துவிட்டது. வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் ஜெயிக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் மூன்று விஷயம் கேட்கும். என்ன காசு என்று சொல்லி விற்றார்? அது அந்தக் காசு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? இல்லை என்பது அவருக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் போலிக் காசு வியாபாரமே நடக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1939 வெள்ளி ரூபாய் ஒன்றை 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த வரிசையில் 1939தான் அரிது. 1938 எளிதில் கிடைக்கும். எடை 11.66 கிராம், சரியாக இருந்தது. சுண்டிப் பார்த்தேன், வெள்ளியின் நாதம். விளிம்பும் சரி. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான் கடைசி இலக்கம் கண்ணை உறுத்தியது. 9இன் வாலுக்கு இடப்பக்கம், ஒரு கடுகளவு இடத்தில் மட்டும், காசின் தரை மற்ற இடங்களைப் போல மங்கலாக இல்லாமல் மெல்லிய கோடுகளோடு பளபளத்தது. 1938இன் 8ஐ எடுத்து, கீழ் வளையத்தின் இடது பாதியைச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘பழைய வெள்ளி ரூபாய் – 1’. ஆண்டே இல்லை. ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் வாசித்துக் காட்டினார். பழைய வெள்ளி ரூபாய் விற்றோம், பழைய வெள்ளி ரூபாய்தான் கொடுத்தோம், இதில் குறை எங்கே என்றார். அந்த நிமிடம் எனக்கே அது நியாயம்போலத் தோன்றியது.

போலீஸில் புகார் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு. அதற்கு முன் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. இரண்டிலும் அதிகபட்சம் ஏழு ஆண்டு.

ஆனால் ஸ்டேஷனில் முதலில் காதில் விழுவது ‘இது சிவில் மேட்டர் சார்’ என்பதுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும், வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மோசடி என்றால் பணம் வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. விற்றவர் ‘நானும் ஒருவரிடம் வாங்கியதுதான், எனக்கும் தெரியாது’ என்று சொன்னால், அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க எந்த இன்ஸ்பெக்டராலும் ஆகாது.

ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனால் நிலைமை மாறும். ஒரு முறை தவறலாம். ஐந்து பேருக்கும் அதே சுரண்டிய 9 என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது. கஷ்டம் என்னவென்றால், சேகரிப்பாளர்கள் ஏமாந்ததை வெளியே சொல்ல மாட்டார்கள். அவ்வளவு விவரம் தெரிந்தவர் இதில் விழுந்துவிட்டாரா என்று நாலு பேர் கேட்பார்களே!

கள்ளக் காசு அடிப்பது பெரிய குற்றம் ஆயிற்றே? அதில் பிடிக்க முடியாதா?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பழைய தண்டனைச் சட்டத்தின் 230ஆவது பிரிவில் சில உதாரணங்கள் இருந்தன. சோழி காசு ஆகாது. முத்திரை இல்லாத செப்புக் கட்டியை மக்கள் பணமாகப் புழங்கினாலும் அது காசு ஆகாது. பதக்கம் காசு ஆகாது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரூபாய் இந்தியக் காசு. ஃபருக்காபாத் ரூபாய் புழக்கத்தில் இல்லாமல் போனாலும் இந்தியக் காசுதான். ஆக, கம்பெனி ரூபாயைப் போலியாக அடித்தவரை, ஏட்டளவிலாவது, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய 232இன் கீழ் இழுத்திருக்கலாம்.

புதிய சட்டத்தின் 178ஆவது பிரிவு, காசு என்பதன் பொருளை 2011 நாணயச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே காசு என்றால் செல்லுபடியாகும் காசு. இன்று எந்தக் கடையிலும் ராஜராஜன் காசைக் கொடுத்து டீ குடிக்க முடியாது என்பதால், போலி ராஜராஜன் காசு அடிப்பவர் கள்ள நாணயக்காரர் இல்லை. மிஞ்சுவது வெறும் மோசடிப் பிரிவுதான்.

நுகர்வோர் ஆணையம்தான் வழியா?

நடுத்தரத் தொகைக்கு அதுதான் வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு வசதியானவை பல உண்டு. விற்றவர் ராஜஸ்தானில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கணக்கில் எடுப்பது நீங்கள் கொடுத்த விலையைத்தான், அசலாக இருந்தால் எவ்வளவு பெறும் என்பதை அல்ல. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நேர்மையற்ற வணிகம் எவையெவை என்று அடுக்கும்போது, பழைய பொருளைப் புதியது என்று பொய் சொல்லி விற்பதைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். புதிய பொருளைப் பழையது என்று சொல்லி விற்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, தரம், வகை, உலோகக் கலவை பற்றிப் பொய் சொல்வதும் அதே பட்டியலில் இருப்பதால் நாம் அங்கே ஒண்டிக்கொள்ளலாம். பில் தராமல் விற்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

முட்டுக்கட்டைகள் இரண்டு. ஒன்று, மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். நம்மில் யார்தான் இரட்டையாக இருக்கும் காசை விற்காமல் இருக்கிறோம்? நான் முகநூலில் எப்போதோ போட்ட ‘விற்பனைக்கு’ பதிவுகள் மூன்றை அச்செடுத்து வந்து என்னை வியாபாரி என்றார்கள். அந்த வாதத்தை முறியடிக்கவே இரண்டு வாய்தா போயிற்று.

இரண்டாவது இன்னும் சிக்கல். நுகர்வோர் ஆணையத்தில் நடப்பது சுருக்க விசாரணை. மோசடி, ஏமாற்று போன்ற குற்றத் தன்மை உள்ள புகார்களையும், உண்மை எது என்பதிலேயே பெரிய தகராறு உள்ளவற்றையும் அங்கே தீர்க்க முடியாது என்று 2023இல் சிட்டி யூனியன் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை அப்படியே எதிர்த்தரப்பு தூக்கிக் காட்டும். போலீஸ் சிவில் என்கிறது, ஆணையம் மோசடி என்றால் வேறு இடம் போ என்கிறது. அதனால் புகாரில் ஆவேசமாக ‘மோசடிக்காரன், ஏமாற்றுக்காரன்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். ‘1939 என்று சொல்லி விற்ற காசு 1939 இல்லை, சொன்ன தரம் பொருளில் இல்லை’ என்று காய்ந்த நடையில் எழுதுங்கள். என் முதல் வரைவைப் படித்த நண்பர் ஒருவர் சிவப்பு மையால் ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டார். அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சாதாரணப் புகாரை மூன்று மாதத்திலும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு எவ்வளவு ஆயிற்று என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

சிவில் வழக்கு?

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். அதற்கு மேல் வக்கீல் ஃபீஸ், நிபுணர் செலவு, ஆண்டுகள். சில லட்சத்துக்குக் குறைவு என்றால் கட்டுப்படியாகாது.

போலி என்று யார் சான்று தருவார்கள்?

வழக்கு சாயும் இடம் பெரும்பாலும் இதுதான். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கூடம் உலோகத்தைத்தான் சொல்லும். என் காசை அனுப்பியிருந்தால் ‘வெள்ளிதான்’ என்று வந்திருக்கும். எதிர்த்தரப்பு இனிப்புக் கொடுத்திருக்கும். தபால்தலையிலும் இதே கதைதான். அரிதான 1948 காந்தி பத்து ரூபாய்த் தபால்தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சு போட்ட வகை இன்னும் அரிது. தபால்தலை அசலாகவே இருக்க, மேலச்சு மட்டும் போலியாக இருக்க வாய்ப்புண்டு. அங்கேயும் காகிதச் சோதனை தபால்தலை அசல் என்றுதான் சொல்லும்.

ஆக வேண்டியது கண்ணும் அனுபவமும் உள்ள நிபுணர். நிபுணர் கருத்தைச் சாட்சியச் சட்டம் ஏற்கிறது. ஆனால் காசு பார்க்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். ஒரு வியாபாரிக்கு எதிராக இன்னொரு வியாபாரி கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார். தனியாகக் கூப்பிட்டு ‘டூப்ளிகேட்தான் சார், சந்தேகமே இல்லை’ என்பார். பேப்பரை நீட்டினால் அவசர வேலை வந்துவிடும். எனக்குக் கடைசியில் எழுதிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர். அவரையும் ‘உங்களிடம் நாணயவியலில் பட்டம் இருக்கிறதா’ என்று கேட்டு மடக்கப் பார்த்தார்கள்.

இன்னொரு தலைவலி, போலியும் இல்லாமல் அசலும் இல்லாமல் நடுவில் நிற்பவை. பிரிட்டிஷ் காலக் காசுகள் சிலவற்றைப் பழைய அச்சுகளைக் கொண்டே பம்பாய் அக்கசாலை பிற்காலத்தில் மறுபடியும் அடித்துக் கொடுத்திருக்கிறது. அடித்த இடம் அசல், அச்சு அசல், காலம் மட்டும் வேறு. மறுஅடிப்பு என்று சொல்லாமல் விற்றால் அது போலியா? நாலு சேகரிப்பாளர்களைக் கேட்டால் ஐந்து பதில் வரும்.

விற்றவர் ‘நான் எதுவும் உத்தரவாதம் தரவில்லை, நீங்களே பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார்.

வலுவான வாதம், துரதிர்ஷ்டவசமாக. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் வாங்கியவர் அந்த வர்ணனையை நம்பித்தான் வாங்கினாரா என்ற கேள்வி வரும். இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கேப்ரியேலே முண்டர் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்தது என்று ஓர் ஓவியம் 6,000 பவுனுக்குக் கைமாறியது. விற்றவர், தனக்கு அந்த ஓவியரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டார். வாங்கியவர்களோ ஜெர்மன் ஓவியங்களையே தொழிலாகக் கொண்டவர்கள். ஓவியம் போலி என்று தெரிந்து வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். உங்கள் சொந்தக் கண்ணை நம்பித்தானே வாங்கினீர்கள் என்றது நீதிமன்றம். நம் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தின் வாரிசு என்பதால் இங்கேயும் அந்த வாதம் எடுபடும்.

முப்பது ஆண்டு அனுபவசாலி என்று என்னை நானே மனுவில் வர்ணித்திருந்தேன். மேலே சொன்ன நண்பர் முதலில் அடித்தது அந்த வரியைத்தான்.

விலையை மட்டும் பிடித்துக்கொண்டும் பயனில்லை. ஒரு பொருளின் மதிப்பைத் தப்பாக எடை போட்டது உண்மையைப் பற்றிய தவறு ஆகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவு விளக்கம் சொல்கிறது. நூறு ரூபாய்க் காசை ஆயிரத்துக்கு வாங்கினால் அது நம் தலையெழுத்து. வேறு காசைக் கொடுத்தால்தான் வழக்கு.

வாங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போதுதான் போலி என்று தெரிந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு. மோசடி என்றால், அது தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த ‘அல்லது’தான் ஆளைக் கவிழ்க்கும். நம் ஆட்கள் காசை ஆல்பத்தில் செருகி பீரோவில் பூட்டிவிட்டு, விற்கும்போதுதான் மறுபடி வெளியே எடுப்பார்கள். லீஃப் என்பவர் 1944இல், ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தது என்று நம்பி ஓர் ஓவியத்தை 85 பவுனுக்கு வாங்கினார். ஐந்து ஆண்டு கழித்து விற்கப் போனபோதுதான் இல்லை என்று தெரிந்தது. ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டார். 1950இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. வாங்கிய வாரமே லென்ஸை எடுங்கள்.

ஆன்லைனில் வாங்கியது என்றால்?

தளம் எது என்பதைப் பொறுத்தது. விற்பனைத் தளம் என்றால், விற்பவர் விவரத்தை அவர்கள் காட்ட வேண்டும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 2020 மின்வணிக விதிகள் அப்படி. ஆனால் தொழிலாகச் செய்யாமல் எப்போதோ சொந்தப் பொருளை விற்கும் தனி நபருக்கு அந்த விதிகள் பொருந்தாது. தளமோ ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவுக்குப் பின்னால் நிற்கும்.

வாட்ஸ்அப் ஏலக் குழு என்றால் கையில் இருப்பது ஒரு செல்போன் எண்ணும் ஒரு யூ.பி.ஐ. பெயரும்தான். பணம் போன கையோடு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். வழக்கில் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள்; போனை மாற்றிவிட்டால் அதுவும் சிக்கல்.

‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகம் உள்ள காசு வைத்திருக்கிறேன். பல லட்சம் என்றார்கள்.

கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டும் வரும். அனுமார், லட்சுமி, ஓம் என்று பின்பக்கம் மாறும். 1616இல் கம்பெனி இங்கே வியாபாரம் செய்ய அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தது. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி இதைக் காட்டினால் அது ரைஸ் புல்லர் கும்பல். அங்கே காசு வெறும் தூண்டில். ‘டெஸ்டிங் செலவு’ என்று கறப்பதுதான் தொழில். இதற்கு நுகர்வோர் ஆணையம் வேண்டாம். நேராகப் போலீஸ்.

ஆற்றில் கிடைத்த சோழர் வெள்ளிக் காசு என்று சொல்லி விற்றார். புகார் கொடுத்தால் எனக்கே வம்பு வருமா?

நல்ல கேள்வி. கரூர் அமராவதி ஆற்று மணலில் பழங்காசுகள் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. அதனால்தான் அந்தக் கதை விலை போகிறது. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 புதையல் சட்டம். நூறு ஆண்டு தாண்டிய காசு, 1972 சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். ஆக அவர் சொன்னது மெய் என்றால் புதையலை மறைத்தார். பொய் என்றால் உங்களை ஏமாற்றினார். புதையல் என்று நம்பியே வாங்கினேன் என்று மனுவில் எழுத யாருக்கும் கை வராது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். இப்படிப்பட்டதில் புகாருக்கு முன்னால் கட்டாயம் வக்கீலைப் பாருங்கள்.

பொதுவாக ஒன்று: நின்ற மனிதன் ஒரு பக்கம், உட்கார்ந்த மனிதனோடு நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று மறுபக்கம் உள்ள செப்புக் காசு மலிவாகவே கிடைக்கும். அதே உருவம் வெள்ளியிலோ தங்கத்திலோ சல்லிசாக வந்தால் விளிம்பில் வார்ப்புத் தையல் (வார்த்த இரு பாதியும் சேர்ந்த கோடு) தெரிகிறதா, தரையில் ஊசி முனைக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் சட்டம் கடுமையா?

அமெரிக்காவில் 1973 முதலே, போலிக் காசு அடித்தால் அதில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் உண்டு. 2014இல் அதை விற்பவர் வரைக்கும் நீட்டினார்கள். இங்கே அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? பில் கோக் என்ற கோடீஸ்வரர், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்தவை என்று நான்கு ஒயின் பாட்டில்களைச் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கினார். கண்ணாடியில் பொறித்த எழுத்து மின்கருவியால் செதுக்கியது என்று நிபுணர்கள் சொன்னார்கள். பாட்டில் விலையைவிட அதிகம் விசாரணைக்குச் செலவழித்தார். அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்த ரோடன்ஸ்டாக் ஜெர்மனியில் இருந்துகொண்டு, நியூயார்க் நீதிமன்றம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒதுங்கிக்கொண்டார். 2018இல் இறந்தும் போனார்.

அடுத்த முறை பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஆட்சியாளர், ஆண்டு, அக்கசாலை, உலோகம், எடை, ‘அசல்’ என்ற சொல், போலி என்றால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது. காசின் இரு பக்கப் படத்தையும் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், நான் கொடுத்தது வேறு காசு, இவர் மாற்றிவிட்டார் என்பார். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

அவர் பெயரைப் போட்டு எல்லாக் குழுவிலும் எழுதிவிடட்டுமா?

அவதூறு இன்னும் குற்றமாகத்தான் இருக்கிறது. புதிய சட்டத்தில் 356. உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்பது தப்பிக்க வழிதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அவர் உங்களை ஏமாற்றினார் என்று காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இவ்வளவு நேரம் படித்தீர்கள் அல்லவா? அதே கஷ்டத்தை நீங்கள் எதிரிக் கூண்டில் நின்றுகொண்டு பட வேண்டியிருக்கும். பெயர் போடாமல் காசின் படத்தைப் போடுங்கள். எந்த இடத்தில் சுரண்டியிருக்கிறார்கள் என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

சமரசத்துக்கு வருகிறார். ஒப்புக்கொள்ளலாமா? காசைத் திருப்பித் தர வேண்டுமா?

நான் ஒப்புக்கொண்டேன். ஆறாவது வாய்தாவில் 30,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். பஸ் செலவும் போன நாட்களும் சேர்த்தால் நஷ்டம்தான், ஆனால் அலுத்துவிட்டது. காசைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்களின் ஒரே நிபந்தனை. தருகிறேன், ஆனால் அதில் ‘நகல்’ என்று ஒரு சின்ன முத்திரை குத்தித் தருகிறேன் என்றேன். அது எங்கள் சொத்து, அதைச் சேதப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை என்றார் அவர்கள் வக்கீல். சட்டப்படி அவர் சொன்னது சரி. கொடுத்துவிட்டேன், கொடுப்பதற்கு முன் லென்ஸ் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். மன்னரின் காதுக்குக் கீழே அரிசி நுனி அளவுக்கு ஒரு வெட்டு உண்டு.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஏலக் குழுவில் 1939 ரூபாய் ஒன்று வந்தது. தொடக்க விலை 60,000. ‘பழைய கலெக்‌ஷனில் இருந்து’ என்று போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதுக்குக் கீழே அதே வெட்டு. யார் பெயரையும் சொல்லாமல் என் படத்தை அடியில் போட்டேன். சில நிமிடத்தில் ஏலப் பதிவு காணாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நானும் அந்தக் குழுவில் இல்லை.